உண்கலமும் உடல்நலமும்



நான் தலைமையாசிரியராய் இருந்த பள்ளியில், விளையாட்டு விழாப் பரிசாக எவர்சில்வர் கிண்ணங்களை வழங்குவதே நெடுநாளைய வழக்கம். ஓராண்டு, விலை குறைவு, எடையும் குறைவு, கீழே விழுந்தாலும் நசுங்காது என்றெல்லாம் கணக்கிட்டு, கண்ணாடிபோல் ஒளிரும் பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளை வாங்கி வழங்கினேன். அது மழைக்காலம். பரிசு பெற்ற பிள்ளைகள் மறுநாளே அவற்றில் வெந்நீரை நிரப்பிக்கொண்டு வந்தனர். வெந்நீர் அருந்துதல் நல்ல பழக்கம் என்று காலை வழிபாட்டில் நான் பாராட்டவும் செய்தேன். புட்டியின் அடியில் ஒரு முக்கோணமும், அதனுள் 7 என்ற எண்ணும் இருந்தன. அறிவியல் பயிற்றிய எனக்கு அவ்வெண்ணின் பொருள் அப்போது தெரியாது, கேட்டறியவும் தோன்றவில்லை. இதனை மறைத்துவிட்டு உங்களிடம் இப்பொருள் பற்றிப் பேசப் புகுவது முறையாகாது.

1 முதல் 6 வரையுள்ள எண்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகைப் பிளாஸ்டிக்கைக் குறிக்கும். 7 என்பது ஏனைய யாவற்றுக்கும் பொது. அந்த ஏனையவற்றுள் பெயர்பெற்றது பாலிகார்பனேட். 1953ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஹெர்மன் ஷ்னெல் என்பாரும், அமெரிக்காவில் டேனியல் ஃபாக்ஸ் என்பாரும் தனித்தனியே இதனைக் கண்டனர். நம் வீடுகளுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர்க் கேன்களுள் பலவும் இதனால் ஆனவையே. பூக்களை நாரில் தொடுப்பதுபோல, பிஸ்பீனால்-ஏ என்னும் வேதிப்பொருளின் மூலக்கூறுகளை வரிசையாகத் தொடுத்து இதனைச் செய்கின்றனர். தொடுக்கும்போதே சில மலர்கள் உதிரியாய் நின்றுவிடும். பின்னர் வெப்பமும் காரமும் படப்பட, தொடுத்தவற்றுள்ளும் சில முடிச்சவிழ்ந்து நீரில் இறங்கும்.

இந்தப் பிஸ்பீனாலை முதன்முதல் 1891இல் ஆக்கியவர் டியானின் என்னும் ரஷ்ய வேதியியலார். 1936இல் இலண்டனில் எட்வர்டு சார்லஸ் டாட்ஸ் என்னும் அறிஞர், பெண்மைக்குரிய ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைப்போல் செயற்படும் செயற்கைப் பொருள்களைத் தேடினார். அத்தேடலில் பிஸ்பீனாலுக்கும் அக்குணம் உண்டெனக் கண்டார். ஆகவே, பாலிகார்பனேட் பிறப்பதற்கு 17 ஆண்டுகளுக்கு முன்னரே அதன் மூலப்பொருளின் இயல்பு அச்சேறியிருந்தது!

ஹார்மோன் என்பது நாளமில்லாச் சுரப்பிகள் குருதியில் விடுக்கும் கட்டளை. அணுவளவு போதும், உடல் அதற்குப் பணிந்துவிடும். தந்தையாரின் கையொப்பத்தைத் தாமே போட்டுக்கொண்டு விடுப்புக் கடிதம் நீட்டும் மாணவர் பலரை நான் கண்டதுண்டு. (இப்போது கேட்டுக்கொண்டிருப்போரிலும் சிலர் இருக்கலாம்.) கையெழுத்து அத்துணைத் திருத்தமாய் இராது, ஆயினும் சில வேளை கடிதம் செல்லுபடியாகிவிடும். பிஸ்பீனாலும் அத்தகைய போலிக் கையொப்பந்தான். இயற்கை ஹார்மோனைவிட வலிமையில் மிகக் குறைந்தது. எனினும் சில வேளைகளில் உயிரணுக்கள் ஏமாந்துவிடுகின்றன.

அவ்வாறு ஏமாந்த கதையொன்றைச் சற்று விரிவாகச் சொல்லுகிறேன். 1998இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், பேட்ரீசியா ஹன்ட் என்னும் பெண் விஞ்ஞானி சுண்டெலிகளின் சினைமுட்டைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். எந்த மருந்தும் கொடாமல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மட்டும் வைத்திருந்த எலிகளில், குரோமோசோம்கள் ஒழுங்காக அணிவகுக்காத முட்டைகள் வழக்கமாக நூற்றுக்கு ஒன்றிரண்டே இருக்கும். அது திடீரென நாற்பதளவுக்கு உயர்ந்தது. காரணம் புலப்படாமல் ஆய்வே நின்றது. தேடித் தேடிப் பார்த்ததில், எலிக்கூண்டுகளும் தண்ணீர்ப் புட்டிகளும் பாலிகார்பனேட்டால் ஆனவை என்பதும், தற்காலிகப் பணியாளர் ஒருவர் தரை கழுவும் கடுங்காரத்தால் அவற்றைத் தவறுதலாகக் கழுவிவிட்டார் என்பதும் தெரியவந்தன. முடிச்சுகள் அவிழ்ந்திருந்தன! பின்னர் வேண்டுமென்றே பிஸ்பீனாலைக் கொடுத்துப் பார்த்தபோதும் அதே கோளாறு தோன்றியது. 2003இல் இம்முடிவு வெளிவந்தது.

எலிக்கு நேர்ந்தது மனிதர்க்கும் அவ்வாறே நேரும் என்று உடனே முடிவு கட்டுதல் அறிவியல் ஆகாது. அறிஞரிடையே இன்றும் ஒருமைப்பாடு இல்லை. நாள்தோறும் உடலேற்கத் தக்க அளவு, ஒரு கிலோ உடல் எடைக்கு 4 மைக்ரோகிராம் என்றிருந்ததை, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் 20,000 மடங்கு குறைத்தது. ஜெர்மனியின் ஆய்வு நிறுவனமோ அவ்வளவு குறைக்க வேண்டுவதில்லை என்றது. ஆயினும் குழந்தைகள் திறத்தில் எவரும் காத்திருக்கவில்லை. 2008இல் கனடா தொடங்கி, 2011இல் ஐரோப்பிய ஒன்றியமும், 2012இல் அமெரிக்காவும் பால் புட்டிகளில் பாலிகார்பனேட்டை விலக்கின. உணவைத் தொடும் பொருள்களிலேயே பிஸ்பீனாலைத் தடைசெய்யும் விதியை ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிற்று.

ஆறுதலான செய்தி ஒன்றுண்டு. உட்சென்ற பிஸ்பீனாலின் பெரும்பகுதி ஒருநாளுக்குள் சிறுநீரோடு வெளியேறிவிடும். நாள்தோறும் புதிதாய்ச் செல்வதனாலேயே அது உடலில் நீங்காதிருக்கிறது. ஆதலால் சூடான சாம்பாரையும் காப்பியையும் எவர்சில்வரிலோ கண்ணாடியிலோ பீங்கானிலோ ஊற்றுங்கள். கீறல் விழுந்து மங்கிய புட்டியைக் கழித்துவிடுங்கள். தண்ணீர்க் கேனை வெயிலில் கிடத்தாதீர்கள். பொட்டலப் பையில் பாலிகார்பனேட் இல்லைதான். ஆனால் பிளாஸ்டிக்கில் கலப்பவை வேறு பலவும் உள. சூடும் எண்ணெயும் அவற்றையும் இறக்கும்.

ஹன்ட் அம்மையாரின் கதை அத்துடன் முடியவில்லை. ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்குப் பின், வேறொரு பல்கலைக்கழகத்தில், பாலிசல்ஃபோன் என்னும் வேறொரு பிளாஸ்டிக்கால் ஆன கூண்டுகளில் அவர் எலிகளை வளர்த்தார். மறுபடியும் முட்டைகள் பழுதுற்றன. சேதமுற்ற கூண்டுகளிலிருந்து இம்முறை இறங்கியது பிஸ்பீனால்-எஸ். ஏ-க்கு மாற்றாகப் பலவிடத்தும் புகுத்தப்பட்ட அதன் உடன்பிறப்பு. 2018இல் அதனையும் வெளியிட்டார்.

சென்ற மாதம் என் பேத்திக்கு வாங்கி வந்த புட்டியைப் புரட்டிப் பார்த்தேன். பிஸ்பீனால்-ஏ இல்லை என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. அதற்குப் பதிலாக என்ன இருக்கிறது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.