ஒரு பட்டமளிப்பு மண்டபத்தில் எழுந்த குரல்

இன்று பட்டம் பெறும் இளைஞர்களே,

இதுபோன்ற இன்னொரு பட்டமளிப்பு விழாவைப் பற்றி இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன். 1948 மார்ச் 24, அன்று பாகிஸ்தானில் இருந்த டாக்கா பல்கலைக்கழகம், கர்சன் மண்டபம். பாகிஸ்தான் பிறந்து எட்டு மாதம்கூட நிறையவில்லை. நாட்டின் அரசு மொழி உருது ஒன்றே என்று மேடையிலிருந்து அறிவித்தார் முகமது அலி ஜின்னா. கீழே மாணவர்களிடமிருந்து ‘இல்லை, இல்லை’ என்று குரல் எழுந்தது.

அந்த மாணவர்கள் நாட்டுக்குப் பகைவர்கள் அல்லர். 1946 தேர்தலில் வங்காள முஸ்லிம்கள் பெருவாரியாக முஸ்லிம் லீக்குக்கு வாக்களித்திருந்தார்கள். பாகிஸ்தான் அவர்களும் சேர்ந்து கேட்டுப் பெற்ற நாடு. அந்நாட்டு மக்களில் பாதிக்கு மேற்பட்டோரின் தாய்மொழி வங்கமொழி. ஆனால் புது நாட்டின் தபால்தலையிலும் நாணயத்திலும் அதற்கு இடமில்லை. அரசமைப்பு அவையில் வங்கமொழிக்கும் இடம் கொடுங்கள் என்று 1948 பிப்ரவரியில் கேட்டார் வங்காள உறுப்பினர் தீரேந்திரநாத் தத்தா. ‘வங்கமொழி மட்டும்’ என்று அவர் கேட்கவில்லை. ‘வங்கமொழியும்’ என்றுதான் கேட்டார். அந்த ஓர் ‘உம்’மைக்கூடத் தர அவைக்கு மனம் வரவில்லை.

ஒரு நாடு என்றால் ஒரு மொழி என்ற எண்ணம் ஆசியாவில் முளைத்ததன்று. 1789 பிரெஞ்சுப் புரட்சி அரசனின் குடிகளாக இருந்தவர்களை நாட்டின் குடிமக்களாக்கியது. மனித வரலாற்றின் பெரிய விடுதலைகளுள் அதுவும் ஒன்று. ஆனால் ஐந்தே ஆண்டுகளில், 1794இல், வட்டார மொழிகளை ஒழித்துப் பிரெஞ்சைப் பொதுவாக்க வேண்டும் என்று அதே புரட்சியின் அவையில் அபே கிரெகுவார் அறிக்கை படித்தார். தேசியம் பிறந்தபோதே அதற்கு இரண்டு முகங்கள்: எல்லோரும் சமம் என்பது ஒன்று, எல்லோரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. அந்த இரண்டாம் முகத்தைத்தான் டாக்கா மாணவர்கள் எதிர்கொண்டார்கள்.

1952 பிப்ரவரி 21 அன்று தடையுத்தரவை மீறி அவர்கள் திரண்டபோது போலீஸ் சுட்டது. மடிந்தவர்களில் ஒருவர் அபுல் பர்கத், அதே பல்கலைக்கழகத்தின் முதுகலை மாணவர். மருத்துவக் கல்லூரி மாணவர்கள் ஒரே இரவில் எழுப்பிய நினைவுத் தூணை அரசு சில நாட்களிலேயே இடித்துத் தள்ளியது. ஆனால் 1956 அரசமைப்புச் சட்டத்தில் வங்கமொழியும் அரசு மொழி என்று எழுத வேண்டியதாயிற்று. அதே 1956இல்தான் இலங்கை சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் இயற்றியது. ‘உம்’மை மறுத்த அந்தச் சட்டத்துக்குத் தமிழர்கள் கொடுத்த விலையை இந்த மண்டபத்தில் நான் விளக்க வேண்டியதில்லை.

பாகிஸ்தானில் அந்த ‘உம்’ காலம் கடந்து வந்தது. மொழியில் விழுந்த விரிசல் வருவாயிலும் அதிகாரத்திலும் பரவி, 1971இல் வங்கதேசம் தனி நாடாயிற்று. அவ்வாண்டு மார்ச்சில் தீரேந்திரநாத் தத்தாவை ராணுவம் பிடித்துச் சென்றது. அவர் திரும்பவே இல்லை.

கதையை இங்கே முடித்தால் வெற்றிக் கதை. முடிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. 1972இல் புதிய நாடு தன் அரசமைப்பை எழுதியபோது, குடிமக்கள் அனைவரும் வங்காளிகள் என்று அறியப்படுவர் என எழுதியது. சிட்டகாங் மலைப்பகுதியிலிருந்து வந்த உறுப்பினர் மனவேந்திர நாராயண் லார்மா எழுந்து, நாங்கள் இந்நாட்டின் குடிமக்கள், ஆனால் சக்மாக்கள், வங்காளிகள் அல்லர் என்று வாதாடினார். அவை கேட்கவில்லை, அவர் வெளியேறினார். பின்னர் அந்த மலைகளில் மூண்ட ஆயுதப் போராட்டம் 1997 ஒப்பந்தம் வரை நீண்டது. தன் மொழிக்காகக் குருதி சிந்திய மக்களுக்கே, அடுத்தவர் மொழியின் வலி தெரியாமல் போயிற்று.

இளைஞர்களே, தமிழர்களாகிய நமக்கு ‘இல்லை’ என்று சொல்லத் தெரியும். 1965இல் இந்தித் திணிப்புக்கு எதிராக இந்த மண்ணின் மாணவர்கள் சொன்னார்கள். 1967இல் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தி இந்தியா அதற்குச் செவி கொடுத்தது. நாடு உடையவில்லை, உறுதிப்பட்டது. நம்மிடம் யாராவது ‘இல்லை’ என்று சொன்னால் கேட்கத் தெரியுமா? நான் கேட்க வந்த கேள்வி இதுதான்.

நாளை உங்களில் சிலர் அதிகாரிகளாவீர்கள், சிலர் ஆசிரியர்களாவீர்கள். உங்கள் மேசை முன்னால், படிவத்தை வாசிக்கத் தெரியாமல் ஒரு வடமாநிலத் தொழிலாளி நிற்பார். உங்கள் வகுப்பின் கடைசி வரிசையில், நீலகிரி மலையில் வேறொரு தாய்மொழி பேசி வளர்ந்த குழந்தை உட்கார்ந்திருக்கும். அவர்கள் கர்சன் மண்டபத்து மாணவர்களைப் போல உரக்கச் சொல்ல மாட்டார்கள். அந்த மெல்லிய குரலைக் கேட்கக் கொஞ்சம் குனிய வேண்டியிருக்கும்.

குனியுங்கள். அதனால் உங்கள் தமிழ் சிறுத்துவிடாது.