ஓட்டுத் துண்டும் ஊர்ச் சீட்டும்

கொண்டாப்பூர் என்றவுடன் ஐதராபாத்தில் வாழும் நம்மவர், கணினி நிறுவனங்களை அடுத்த நகர்ப்பகுதியையே நினைப்பர். அதே பெயருடைய பழைய ஊர் ஒன்று சங்காரெட்டி மாவட்டத்தில் உண்டு. சாதவாகனர் காசுகளும், சுடுமண் பாவைகளும், மணிகளும் வெளிப்பட்ட மண்மேடு அது. 1940-களின் தொடக்கத்தில் ஐதராபாத் சமஸ்தானத் தொல்லியல் துறையினர் அதனை அகழ்ந்தனர். அங்கே இன்று ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது.

அகழ்வில் மிகுதியாகக் கிடைப்பது பொன்னன்று; உடைந்த மட்கலமே. அவ்வோட்டால் ஆவதென்ன?

1944-இல் சென்னை அருங்காட்சியகத்தில் மார்ட்டிமர் வீலர் என்னும் அறிஞர் ரோமானியச் சாடித் துண்டு ஒன்றைக் கண்டார். அது புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டினின்று வந்ததென அறிந்தார். மறு ஆண்டே அங்கு அகழ்ந்தார். குயவர் முத்திரையிட்ட இத்தாலியச் செந்நிறக் கலங்கள் கிடைத்தன. அவற்றின் காலம் முன்னரே தெரிந்தது. ஆகையால் அதே மண்ணடுக்கில் கிடைத்த நம் நாட்டு ஓடுகளின் காலமும் துலங்கிற்று. வந்த இடம் தெரியாதிருந்தால் அத்துண்டு வெறும் ஓடாகவே கிடந்திருக்கும் அன்றோ?

எனவே, ஓடுகளை முதலில் குழிவாரியாகவும் அடுக்குவாரியாகவும் பிரித்தல் வேண்டும். பின்னரே கறுப்பு, சிவப்பு, வண்ணந்தீட்டியது என்றும், விளிம்பு, உடல், அடி என்றும் வகுத்தல் முறை. எழுத்துப் பொறித்தவற்றைத் தேய்த்துக் கழுவலாகாது. ஏனையவற்றை மெல்லக் கழுவி, நிழலில் உலர்த்தி, உட்புறத்தில் மையால் எண்ணிட வேண்டும்.

அனுப்புங்கால், துணிப் பையினுள் ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு. ஈர ஓட்டைப் பையில் கட்டினால் சீட்டு மக்கிவிடும். கனத்த ஓடுகள் பெட்டியின் அடியில், மெல்லியவை மேலே. இடைவெளியை வைக்கோலால் நிரப்புக. வண்டி குலுங்கும்போது ஓட்டை உடைப்பது பக்கத்து ஓடே. சீட்டில் ஊரோடு மாவட்டத்தையும் எழுதுக. கொண்டாப்பூர் என்று மட்டும் எழுதினால், எந்தக் கொண்டாப்பூர்?

விடுமுறையில் குழந்தைகளுடன் அவ்வூருக்குச் சென்று வாருங்கள். மேட்டில் ஓடு தென்பட்டால் கண்டு மகிழுங்கள். நினைவுப் பொருளாக எடுத்து வாராதீர்கள். உடைந்த கலத்தை ஒட்டலாம். தொலைந்த இடத்தை ஒட்ட இயலாது.