உற்றார் இழைத்த புண்ணும் அது ஆறும் வழியும்

(சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

வயதினாலும் அநுபவத்தினாலும் என்னிலும் மூத்தோர் நிறைந்த இச்சபையிலே பேசும்படி சங்கம் என்னைப் பணித்திருக்கின்றது. நான் வைத்தியன் அல்லன். மிஷன் பாடசாலையிலே எழுத்தறிந்து, இன்று பல்கலைக்கழகத்தில் உளவியல் பயிலும் மாணவன். கற்றதில் நம் ஊருக்குப் பயன்படக்கூடிய சிலவற்றை மாத்திரம் உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

கடலினால் வரும் துன்பத்தைக் கரையோர மக்களாகிய நாம் நன்கு அறிவோம். தோணி கவிழ்ந்தால் ஊர் கூடி அழுகின்றது; அந்த வீட்டு அடுப்பு எரிய அயலார் அரிசி கொடுக்கின்றனர். ஆனால் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட துன்பத்துக்கு ஊர் கூடுவதில்லை. அது வீட்டுக்குள்ளே, கதவுக்குப் பின்னாலே நிகழ்வது. தகப்பனின் ஓயாத அடி, கணவனின் கொடுமை, நம்பி விட்டுச் சென்ற உறவினனின் தகாத செயல், பிள்ளையை நாளும் பொழுதும் இகழும் சொல் ஆகிய இவற்றால் மனத்திலே விழும் காயத்தையே உறவுவழி நேர்ந்த மனவடு என்கின்றோம்.

இது மேனாட்டார் புதிதாகக் கண்டுபிடித்த துன்பமா? அன்று. ஆடி மாதந்தோறும் உடப்பிலே திரௌபதை அம்மனுக்கு விழாவெடுத்துத் தீமிதிக்கின்றோமே, அந்த அம்மனின் கதையைச் சற்றே சிந்தித்துப் பாருங்கள். அந்நிய நாட்டான் படையெடுத்து வந்து அவளை அவமதிக்கவில்லை. கணவனே சூதில் வைத்து இழந்தான். மைத்துனன் முறையானவன் கூந்தலைப் பற்றி இழுத்து வந்தான். அவள் சபையிலே நியாயம் கேட்டாள். தருமத்தின் வழி நுட்பமானது என்று சொல்லிப் பாட்டனாராகிய பீஷ்மர் ஒதுங்கிக்கொண்டார். ஆகவே அவளுக்கு நேர்ந்த துன்பம் இரண்டு. செய்தவர்கள் செய்தது ஒன்று; பார்த்திருந்தோர் பேசாதிருந்தது மற்றொன்று. உற்றாரால் காயம்பட்டவர்களோடு பழகிய உளமருத்துவர்களும் இதனையே சொல்கின்றனர்: காயத்தை ஆறவிடாமற் செய்வது சுற்றியிருப்போரின் மௌனமே.

பிறர் தந்த காயத்திலும் உற்றார் தந்த காயம் ஏன் ஆழமானது? அமெரிக்க உளவியல் அறிஞர் ஜெனிபர் பிரெய்ட் 1990களில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். அடிப்பவனை விட்டு விலகுவதுதான் இயல்பு. ஆனால் அடிப்பவனே சோறு போடுகிறவனாகவும் இருந்தால் குழந்தை எங்கே விலகும்? அவனைச் சார்ந்தே அது உயிர்வாழ வேண்டும். ஆகையால் நடந்ததை அறியாதது போலவே மனம் தன்னை மூடிக்கொள்கின்றது. “அப்படி நடந்திருந்தால் பிள்ளை அன்றே சொல்லியிருக்குமே” என்று நாம் சொல்வதுண்டு. அன்றே சொல்லாமை பொய்யின் அடையாளம் அன்று. பல வேளைகளில் அது காயத்தின் அடையாளமே.

நெருக்கீட்டுக்குப் பின் வரும் மனவடு நோயை அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980இல் நோய்ப்பட்டியலிற் சேர்த்தது. கெட்ட கனவு, திடுக்கிடல், நினைவூட்டும் இடங்களைத் தவிர்த்தல் என்பன அதன் குறிகள். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலோ, நீண்டகாலம் தப்பமுடியாமற் கொடுமைக்கு ஆளானோருக்கு வரும் சிக்கலான மனவடுவைத் தனியாக ஏற்றுக்கொண்டது. அதிலே மேலும் மூன்று குறிகள் உண்டு: உணர்ச்சியை அடக்கியாள முடியாமை, தன்னைத்தானே இழிவாக எண்ணுதல், பிறரோடு நெருங்கி வாழ இயலாமை. உறவினால் வந்த நோய் உறவையே கெடுக்கின்றது என்பதை இதனால் அறியலாம்.

இனி ஆறும் வழிக்கு வருவோம். ஜூடித் ஹெர்மன் என்னும் உளமருத்துவர் 1992இல் வெளியிட்ட நூலில் மூன்று படிகளை வகுத்துக் காட்டினார். முதலாவது பாதுகாப்பு, இரண்டாவது நடந்ததை நினைந்து துக்கித்தல், மூன்றாவது மக்களோடு மீண்டும் இணைதல். இவற்றின் வரிசையைக் கவனிக்க வேண்டுகின்றேன். கரைவலை கிழிந்தால் முதலில் அதனைக் கரைக்கு இழுக்கின்றோம், பிறகே பொத்துகின்றோம். அலைக்குள் கிடக்கும் வலையைப் பொத்துவார் எவரும் இல்லை. அடி விழுந்துகொண்டிருக்கும் வீட்டுக்குள் இருப்பவளுக்கு எந்த மருந்தும் முழுப்பயன் தராது.

இரண்டாவது படிக்குப் பல முறைகள் உள்ளன. அவற்றுள் நம் நாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளிடையே சோதித்துப் பார்க்கப்பட்ட ஒன்றைச் சொல்கின்றேன். ஜெர்மனியிலுள்ள கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தார் வகுத்த அம்முறையிலே, பிள்ளையின் முன் ஒரு கயிறு நீட்டப்படும். அக்கயிறே அதன் வாழ்க்கை. நல்ல நாள்களுக்குப் பூவும் கெட்ட நாள்களுக்குக் கல்லும் அதன்மேல் வைக்கப்படும். பிறகு பிறப்பிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு கல்லிலும் நின்று, நடந்ததைப் பிள்ளை நிதானமாகச் சொல்லும், சீர்மியர் எழுதிக்கொள்வார். முடிவிலே அந்தக் கதை வாசித்துக் காட்டப்பட்டுப் பிள்ளையிடமே கொடுக்கப்படும். சிதறிக் கிடந்த பயம் முன்பின் உள்ள ஒரு கதையாகின்றது. “அது அன்று நடந்தது, இன்று நடக்கவில்லை” என்பதை மனம் அறிந்துகொள்கின்றது.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்த பின்னர், வடகிழக்கிலே மனவடு நோய்க் குறிகள் காணப்பட்ட 31 பிள்ளைகளுக்கு, பயிற்சி பெற்ற உள்ளூர்ச் சீர்மியர்கள் ஆறு அமர்வுகளில் உதவினர். ஒரு பகுதியினர் இவ்விதம் கதை சொன்னார்கள். மறுபகுதியினர் தியானமும் உடலைத் தளர்த்தும் பயிற்சியும் பெற்றார்கள். ஆறு மாதங்களின் பின் முதற் பகுதியில் நூற்றுக்கு 81 பேரும், மற்றப் பகுதியில் நூற்றுக்கு 71 பேரும் நோய் நீங்கியிருந்தனர் என்று 2009இல் வெளியான அறிக்கை கூறுகின்றது. பிள்ளைகள் தொகை சிறிது. அவர்கள் பட்டது போரும் கடலும் தந்த துன்பம். ஆயினும் நம் மொழியிலே, நம் மக்களைக் கொண்டே இதனைச் செய்யலாம் என்பது தெளிவாயிற்று. அதே ஆய்வாளர்கள் 296 தமிழ் மாணவரிடையே நடத்தி 2008இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு, போரையும் பேரலையையும் போலவே வீட்டில் நிகழும் வன்முறையும் பிள்ளையின் மனத்தை வருத்துகின்றது என்றும், தகப்பன் குடிக்கும் வீட்டில் அவ்வன்முறை மிகுதி என்றும் காட்டிற்று. கடலுக்கும் போருக்கும் ஊர் அழுதது; குடிக்கும் அடிக்கும் யார் அழுதார்?

அயலவரும் உறவே. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் வந்து சேர்ந்தார்கள். வீடும் நிலமும் இழந்ததோடு, தலைமுறை தலைமுறையாகப் பழகிய ஊரையும் அயலையும் அவர்கள் ஒருங்கே இழந்தார்கள். அவர்களுக்கு இடங்கொடுத்த மாவட்டத்தில் வாழும் நாம், ஒருவரது புண்ணைக் கேட்கும்போது அவர் எந்தச் சமயத்தவர் என்று கேட்கலாகாது.

இச்சபையிலே எழக்கூடிய ஒரு வினா உண்டு: “நமது கோயிலும் வழிபாடும் போதாவா?” யாழ்ப்பாணத்திலே போர்க்காலத்தில் நெடுநாள் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், வடுப்பட்ட மனங்கள் எனப் பொருள்படும் ஆங்கில நூலை 1998இல் வெளியிட்டார். மந்திர உச்சாடனத்தையும் சாந்தியாசனத்தையும் மூச்சுப்பயிற்சியையும் வைத்தியத்தோடு சேர்த்து அவர் பயன்படுத்தினார்; சைவருக்கும் பௌத்தருக்கும் கிறித்தவருக்கும் இஸ்லாமியருக்கும் அவரவர் சமயச் சொல்லையே கொடுத்தார். மட்டக்களப்பிலே காணாமற்போன பிள்ளைகளின் தாய்மார் அம்மன் கோயில்களில் வாக்குக் கேட்டு அழுது ஆறிய வரலாற்றைப் பற்றீசியா லோறன்ஸ் என்னும் மானிடவியலாளர் ஆராய்ந்து எழுதியுள்ளார். ஆகவே அம்மன் சந்நிதியில் அழுவதை நான் குறைகூறேன். ஆனால் பேச்சடைத்து, அடிக்கடி மயங்கி விழும் ஒரு பெண்ணுக்குப் பேய் என்று நூல் கட்டிவிட்டு, “பிள்ளை, உனக்கு என்ன நடந்தது?” என்று ஒருவரும் கேளாதிருப்போமாயின், நாமும் அந்தச் சபையிலே மௌனமாக இருந்தவர்களே ஆவோம்.

பெரியோர்களே, உங்களிடம் மூன்று விண்ணப்பங்கள் செய்ய அநுமதியுங்கள்.

முதலாவது, அடிபட்டு வந்த பெண்ணைச் சமாதானம் பேசி அன்றிரவே திருப்பி அனுப்பாதீர்கள். குடும்பம் பிரியக்கூடாது என்ற உங்கள் நல்லெண்ணத்தை நான் மதிக்கின்றேன். ஆனால் பாதுகாப்பே முதற்படி என்று கண்டோம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றம் 12 மாதம் வரையில் பாதுகாப்புக் கட்டளை வழங்கலாம். அது மணத்தை முறிக்கும் கட்டளை அன்று. அடியை நிறுத்தும் கட்டளை.

இரண்டாவது, மன்னிக்கும்படி வற்புறுத்தாதீர்கள். மன்னிப்பு மேலான அறந்தான். நான் கற்ற பாடசாலையிலும் அதையே முதலிற் போதித்தார்கள். ஆனால் அது காயம்பட்டவர் தாமாகத் தரும் கொடை. ஊரார் அறவிடும் வரி அன்று. சீழை உள்ளே வைத்துத் தைத்த புண் மீண்டும் வெடிக்கும்.

மூன்றாவது, பிள்ளைகளுக்கு நேர்ந்த தகாத செயலைக் குடும்ப மானம் கருதிப் பணத்தாலோ கலியாணத்தாலோ மூடாதீர்கள். மானம் கெட்டது செய்தவனால். சொன்ன பிள்ளையால் அன்று.

வாலிப நண்பர்களே, நமக்கும் வேலை உண்டு. நாம் வைத்தியம் செய்ய முயலக்கூடாது. பயிற்சியில்லாதவன் பழைய புண்ணைக் கிண்டுவது ஆபத்து. ஆனால் கேட்கலாம். இடைமறியாமல், “ஏன் அங்கே போனாய்?” என்று குற்றஞ்சாட்டாமல், கேட்டதைத் தேநீர்க்கடையிலே கொட்டாமல் கேட்கலாம். அரசாங்க வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்குக்குத் தனியே போக வெட்கப்படுபவருக்குத் துணையாகப் போகலாம். மூன்று தொலைபேசி எண்களைச் சங்கக் கட்டிடத்தின் சுவரிலே பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம்: மனநல உதவிக்கு 1926, சிறுவர் பாதுகாப்புக்கு 1929, பெண்கள் உதவிக்கு 1938. மூன்றாவது படியாகிய மீண்டும் இணைதலுக்கோ நம்மைப்போன்ற சங்கங்களே ஏற்ற இடம். வைத்தியர் மருந்து தரலாம்; விழாவிலே மற்றவர்களோடு பூத்தொடுக்கவும், பந்தியிலே சமமாக உட்காரவும், பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக்கொடுக்கவும் அவரை அழைக்க வேண்டியவர்கள் நாமே. உறவினால் வந்த புண் நல்ல உறவினாலேயே முழுதும் ஆறும்.

முடிக்குமுன் ஒன்று. அன்று அந்தச் சபையிலே எல்லோரும் மௌனமாக இருக்கவில்லை. விதுரர் பேசினார். கௌரவரில் இளையவனான விகர்ணனும் எழுந்து, இது அநீதி என்றான். சிறுபிள்ளைக்குத் தருமம் தெரியாது என்று கர்ணன் அவனை அடக்கினான். அன்று சபை அந்த இளையவனுக்குச் செவிசாய்த்திருந்தால் குருக்ஷேத்திரமே நேர்ந்திராது. நம் ஊரிலே எழுந்து பேச இளையோர் இருக்கின்றார்கள். செவிசாய்க்கப் பெரியோரும் இருக்கின்றார்கள் என்னும் நம்பிக்கையோடு, அமர்கின்றேன்.