வேலையை விடவேண்டாம், செய்யும் விதத்தை மாற்றுங்கள்



காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடிவதில்லை. ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆன பிறகே கை வழிக்கு வருகிறது. "வயதாகிவிட்டது, வாயுப் பிடிப்பு" என்று தைலம் தேய்த்துக்கொண்டு பலர் காலத்தைக் கடத்துகிறார்கள். அது முடக்குவாதமாகவும் இருக்கலாம்.

முடக்குவாதம் முதுமையால் வரும் தேய்மானம் அன்று. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உட்சவ்வைத் தாக்குவதால் வருவது. முப்பது வயதிலும் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகள் நோயைக் கட்டுப்படுத்தும். அவற்றை டாக்டர் சொன்னபடி தவறாமல் உட்கொள்ள வேண்டும். ஆனால், மருந்து தேங்காய் துருவித் தராது. சட்டைப் பொத்தானைப் போட்டுவிடாது.

இங்கேதான் ஆக்குபேஷனல் தெரப்பி எனப்படும் செயல்வழிச் சிகிச்சை கைகொடுக்கிறது. அன்றாட வேலைகளை மூட்டு கெடாமல் செய்யப் பழக்குவதே இதன் நோக்கம். சிறிய மூட்டின் சுமையைப் பெரிய மூட்டுக்கு மாற்றுவது இதன் முதல் பாடம். சந்தைப் பையை விரல்களில் தொங்கவிடாமல் தோளில் மாட்டலாம். பாத்திரத்தை ஒரு கையால் தூக்காமல் இரு உள்ளங்கைகளாலும் தாங்கலாம். கத்தி, கரண்டிகளின் பிடியில் ஸ்பஞ்ச் சுற்றித் தடிமனாக்கலாம். காய்கறிகளை உட்கார்ந்து நறுக்கி, இடையிடையே ஓய்வெடுக்கலாம். தேவைப்பட்டால், மணிக்கட்டைத் தாங்கும் 'ஸ்ப்ளிண்ட்' உறையையும் சிகிச்சையாளர் அளவெடுத்துத் தருவார். கைக்கேற்ற பயிற்சிகளையும் கற்பிப்பார்.

இவற்றைக் கேட்டுத் தலையாட்டினால் போதாது. 2001-இல் பிரிட்டனில் வெளிவந்த ஓர் ஆய்வில் 127 நோயாளிகள் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான விளக்க வகுப்பு நடந்தது. மற்றொரு பிரிவினரைச் செய்து பழக வைத்தனர். ஓராண்டுக்குப் பிறகு, பழகியவர்களுக்கே கைவலியும் காலை விறைப்பும் குறைவாக இருந்தன.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. வலியை மறைத்துக்கொண்டு அம்மா பழையபடியே பாடுபடுவது தவறு. "நீங்கள் சும்மா உட்காருங்கள்" என்று அடுப்படியை விட்டே அவரை விலக்குவதும் தவறு. முன்னது மூட்டைக் கெடுக்கும். பின்னது மனத்தை ஒடிக்கும். கனமானதை நீங்கள் தூக்குங்கள். தாளிப்பதை அவரிடமே விடுங்கள்.

மலேசியாவின் அரசாங்க மருத்துவமனைகள் பலவற்றில் 'பெமுலிஹான் சாரா கெர்ஜா' என்ற பெயரில் இப்பிரிவு இயங்குகிறது. சிகிச்சை அளிக்கும் டாக்டரிடம் கேட்டால் அங்கே அனுப்பி வைப்பார். போகும்போது, எந்தெந்த வேலைகள் செய்யச் சிரமமாக இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். சிகிச்சை அந்தத் தாளிலிருந்தே தொடங்கும்.