பழகினால்தான் வரும்: மாணவரும் அகிம்சையும்



மாணவர்களே, உங்கள் கல்லூரி அகிம்சை மன்றத்தில் பேச அழைத்தபோதே, அகிம்சையின் பெருமையைப் பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். திருக்குறளில் இன்னா செய்யாமை, கொல்லாமை என்று அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன. பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டீர்கள். அடிப்பது தப்பு என்று உங்களுக்கு ஒருவர் வந்து சொல்ல வேண்டியதில்லை. தப்பு என்று தெரிந்தும், எதிரிலிருந்து ஒரு கல் வந்து விழுந்ததும் நம் கை ஏன் இன்னொரு கல்லைத் தேடுகிறது? அதைத்தான் இன்று பேசப் போகிறேன். என் பதில் இதுதான்: அகிம்சைக்கு நல்ல மனம் மட்டும் போதாது, பயிற்சி வேண்டும். பயிற்சியில்லாத நல்லெண்ணம் முதல் தள்ளுமுள்ளிலேயே காணாமல் போய்விடும்.

இதற்குச் சான்று தேடி சபர்மதிக்குப் போக வேண்டாம். நம் ஊரே போதும்.

1908 பிப்ரவரி 27. தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஆலையை நடத்தியது ஹார்வி கம்பெனி. கூலி குறைவு, வேலை நேரம் நீளம், வார விடுமுறை கிடையாது. வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களிடம் பேசியிருந்தார்கள். இந்த இடத்தில் நாம் வழக்கமாக வ.உ.சி.யின் பேச்சாற்றலைப் புகழ்ந்துவிட்டுக் கடந்துபோய்விடுவோம். எனக்கு அந்தப் பேச்சைவிட, பேசி முடித்த பிறகு அவர் செய்த வேலைகள்தான் பெரிதாகப் படுகின்றன. வேலை நிறுத்தம் என்றால் மறுநாள் அடுப்பு எரியாது. அதற்காக ஊரில் பணம் திரட்டினார். வேலையிழந்தவர்கள் பலருக்கு வேறு வேலை தேடித் தந்தார். சுதேசிக் கப்பல் கம்பெனிக்காக 25 ரூபாய்ப் பங்குகளை ஊர் ஊராக விற்று அலைந்தவருக்கு, யாரிடம் போய் எதைக் கேட்கலாம் என்பது அத்துப்படி. ஊர் முழுக்கத் தொழிலாளர் பக்கம் நின்றது. ஹார்விக்கு ஆதரவாகப் பேசிய வக்கீல் ஒருவருக்குப் பாதி முகத்தை மழித்துவிட்டு, மீதியை மழிக்க மாட்டேன் என்று நாவிதர் எழுந்துபோய்விட்டதாக ஒரு கதை இன்றும் ஊரில் வழங்குகிறது. சிரிக்கலாம். ஆனால் இந்தச் சமூகப் புறக்கணிப்பு எந்த அளவுக்கு அகிம்சை என்பது பின்னாளில் காந்தியையே சங்கடப்படுத்திய கேள்வி. உங்கள் மன்றத்தில் ஒரு மாலை முழுக்க இதை வைத்து விவாதிக்கலாம்.

ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கிவந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. உயிர்ச்சேதம் இல்லாமல் இந்திய ஆலைத் தொழிலாளர் பெற்ற முற்காலத்து வெற்றிகளில் அது ஒன்று. அப்போது காந்தி தென்னாப்பிரிக்காவில் இருந்தார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்த வாரமே காட்சி மாறியது. மார்ச் 12 அன்று வ.உ.சி., சிவா, அவர்களின் தோழர் பத்மநாப ஐயங்கார் மூவரையும் திருநெல்வேலியில் கைது செய்தார்கள். மறுநாள் 13ஆம் தேதி திருநெல்வேலி பற்றி எரிந்தது. நகராட்சி அலுவலகம், அஞ்சலகம், காவல் நிலையம், மண்ணெண்ணெய்க் கிடங்கு எல்லாம் தீக்கிரையாயின. கல்லூரி மாணவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். துப்பாக்கிச்சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். ஊர்மீது தண்டக் காவல் வரி விழுந்தது. வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்தது என்றாலும், செக்கிழுத்த கதை உங்களுக்குத் தெரியும்.

அதே மாவட்டம், அதே மக்கள், இடையில் ஒரு வாரம்தான். முதல் வாரத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருந்தது, சொல்வதற்கு ஆள் இருந்தது. இரண்டாவது வாரத்தில் தலைவர்களைத் தூக்கியதும் அடுத்த வரிசையில் யாரும் இல்லை. கோபம் மட்டும் இருந்தது. அந்தக் கோபம் நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நியாயமான கோபம் தானாகவே நல்ல வழியில் போய்விடும் என்று நம்பியதுதான் பிழை. கூட இன்னொன்றும் சொல்ல வேண்டும். வ.உ.சி. காந்தியவாதி அல்லர். 1920இல் ஒத்துழையாமையை ஏற்க முடியாமல் காங்கிரஸிலிருந்து விலகியவர் அவர். நம் மன்றங்களின் சுவரில் அவர் படத்தைக் காந்தி படத்துக்குப் பக்கத்தில் மாட்டும்போது இதை மறைக்க வேண்டியதில்லை. அகிம்சையைக் கொள்கையாகக் கொள்ளாத ஒருவர் அதை முறையாக நடத்திக் காட்டினார் என்பதே என் வாதத்துக்கு வலு சேர்க்கிறது.

அதன்பின் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்று, தானும் சுட்டுக்கொண்டார். 1919 மார்ச் 28 அன்று காந்தி தூத்துக்குடிக்கு வந்து ரௌலட் சட்டத்துக்கு எதிரான சத்தியாகிரகத்தைப் பற்றிப் பேசினார். 1942 செப்டம்பரில் குலசேகரப்பட்டினத்தில் உப்புத் துறை அதிகாரி லோன் கொல்லப்பட்டார். காசிராஜன், ராஜகோபாலன் இருவருக்கும் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு குறைக்கப்பட்டு, அவர்கள் விடுதலையானார்கள். தண்டி உப்பு யாத்திரைக்கு 12 ஆண்டுகளுக்குப் பிறகு, அதே உப்புக்கு முன்னால்! இளைஞர்கள் உயிரைக் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தார்கள். வேறு விதமாகக் கொடுக்கப் பழக்குவதற்கு ஆள் இல்லை.

பழக்கிய இடங்களும் உண்டு. 1947இல் டாக்டர் சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். ராமச்சந்திரன் மாணவப் பருவத்தில் சாந்திநிகேதனிலிருந்து வந்து, கலையையும் இயந்திரத்தையும் பற்றிக் காந்தியைக் கேள்விகளால் துளைத்தவர். 1957இல் வினோபா கேரளத்தில் சாந்தி சேனை என்ற அமைதித் தொண்டர் படையை அறிவித்தார். ராமச்சந்திரன் அதைக் காந்திகிராமக் கல்லூரி வளாகத்துக்குள் கொண்டுவந்தார், பின்னாளில் என்.ராதாகிருஷ்ணன் அதை முன்னின்று நடத்தினார். அங்கே மாணவர்கள் கற்றவை மேடைப் பேச்சு அல்ல. முதலுதவி, திருவிழாக் கூட்டத்தை ஒழுங்கு செய்வது, ஊர்த் தகராறில் இரு தரப்பையும் கேட்பது, வதந்தி எங்கே கிளம்பியது என்று தேடிப்போவது. பார்ப்பதற்கு எல்லாம் சில்லறை வேலைகள். நாட்டு நலப்பணித் திட்டத்தை 1969இல், காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கினார்கள். அதுவும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். மரம் நடுவதோடு அதன் கதை முடிந்துவிடுகிறது என்று எனக்கு ஒரு குறை உண்டு. நலப்பணி அலுவலர்கள் மன்னிக்க வேண்டும்.

இதே பாடத்தைக் கடல் கடந்து கற்றுப்போன ஒருவரைப் பற்றி உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஜேம்ஸ் லாசன் என்ற அமெரிக்கக் கறுப்பின இளைஞர் 1953இல் நாகபுரி ஹிஸ்லாப் கல்லூரிக்கு வந்தார். கொரியப் போருக்கு ஆள் சேர்த்தபோது மறுத்துச் சிறை சென்றவர். கல்லூரியில் விளையாட்டுப் பயிற்சி கொடுத்தபடி காந்திய முறைகளைப் படித்தார். ஊர் திரும்பி, 1959இல் நாஷ்வில் நகரத்து மாணவர்களை ஒரு தேவாலயத்தில் கூட்டி வகுப்பு நடத்தினார். வகுப்பு எப்படித் தெரியுமா? நடுவில் நாற்காலி போட்டு ஒரு மாணவரை உட்காரவைப்பார்கள். மற்றவர்கள் சுற்றி நின்று திட்டுவார்கள், முகத்தில் சிகரெட் புகையை ஊதுவார்கள், தலைமுடியைப் பிடித்து இழுப்பார்கள், நாற்காலியிலிருந்து கீழே தள்ளுவார்கள். உட்கார்ந்திருப்பவர் திருப்பி அடிக்கக் கூடாது, ஏசக் கூடாது. முடியாதவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு வெளிவேலை பார்க்கலாம். மாதக் கணக்கில் இப்படிப் பழகிய பிறகுதான், 1960 பிப்ரவரி 13 அன்று, கறுப்பினத்தவருக்குப் பரிமாறாத உணவு மேசைகளில் போய் உட்கார்ந்தார்கள். முதலில் உட்கார்ந்தவர்களைக் கைது செய்தால் அந்த இடத்தில் உட்கார அடுத்த அணி தயாராக இருந்தது. திருநெல்வேலியில் 1908இல் இல்லாமல்போனது இந்த அடுத்த வரிசைதான். மே மாதம் 10ஆம் தேதி அந்த மேசைகள் எல்லாருக்கும் திறந்தன. அந்த வகுப்பில் இருந்த டயன் நாஷ், ஜான் லூயிஸ் போன்ற மாணவர்கள் இடம்பெற்ற அகிம்சை வழி மாணவர் ஒருங்கிணைப்புக் குழு அந்த ஏப்ரலில் பிறந்தது. ஒரு மாணவர் மன்றம் ஒரு நாட்டின் சட்டத்தையே அசைத்தது.

முத்துக்குளித்துறைப் பிள்ளைகளுக்கு நான் இதை விளக்க வேண்டிய அவசியமே இல்லை. குளிக்கிறவர் கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு அடியில் இறங்குவார்; தோணியில் நிற்பவர் கயிறு பிடிப்பார். மைத்துனன்தான் கயிறு பிடிக்க வேண்டும், தங்கை தாலிக்காகவாவது கவனமாக இருப்பான் என்று நம் கரையில் வேடிக்கையாகச் சொல்வார்கள். பாசம் இருந்தால் மட்டும் போதுமா? எந்த அசைவுக்குக் கயிற்றை விடுவது, எதற்கு இழுப்பது என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். போராட்டத்தில் முன்னால் நிற்பவர்களுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. கயிறு பிடிக்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு.

இனி எல்லார் மனத்திலும் இருக்கிற தேதிக்கு வருகிறேன். 2018 மே 22. ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிராகக் குமரெட்டியாபுரத்தில் தொடங்கிய போராட்டத்தின் நூறாவது நாள். அதற்கு முன் மார்ச் 24 அன்று இந்த ஊர் கண்ட மாபெரும் கூட்டம் அமைதியாகக் கூடி அமைதியாகக் கலைந்தது. கல்லூரி மாணவர்களும் வகுப்பைவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தார்கள். நூறாவது நாள் கலெக்டர் அலுவலகம் நோக்கிப் போனவர்கள்மீது துப்பாக்கிச்சூடு. 13 பேர் உயிரிழந்தார்கள். 17 வயதுப் பெண் ஒருவரும் அதில் உண்டு. ஆறு நாளில் ஆலையை மூட அரசு ஆணையிட்டது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் ஆலையின் மேல்முறையீட்டைத் தள்ளியது.

பயிற்சி பெற்ற தொண்டர்கள் இருந்திருந்தால் குண்டு பாய்ந்திருக்காது என்று நான் சொன்னால் அது அநியாயம். சுட்டதற்குப் பொறுப்பு சுட்டவர்களுடையது. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையமும் காவல்துறைமீதும் மாவட்ட நிர்வாகத்தின்மீதும்தான் கடுமையாகக் குறை கண்டது. ஆனால் அடுத்த முறை இந்த ஊர் தெருவுக்கு வரும்போது, கூட்டத்துக்குள் நுழைந்து கல்லெறிபவன் யார் என்று அடையாளம் காண, காயம்பட்டவரைத் தூக்க, எப்போது உட்கார வேண்டும் என்று குரல் கொடுக்க, நடந்ததை நேரம் தவறாமல் எழுதிவைக்க, பழகிய 200 மாணவர்கள் இருந்தால் அது ஊருக்குப் பலமா இல்லையா?

அந்த மாதிரி நாள் அபூர்வமாக வருவது. தினமும் வருகிற வன்முறை வேறு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனைக் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கையில் கட்டக் கூடாது என்பது உள்ளிட்ட பரிந்துரைகளை 2024 ஜூனில் அரசிடம் தந்தது. ஸ்டெர்லைட்டைப் பற்றி ஆவேசமாகப் பேசுகிற மாணவர், பேருந்தில் பக்கத்து ஊர்ப் பையன் உட்கார்ந்த இருக்கையைப் பற்றி எழும் சண்டையில் வாய்மூடி நிற்பதை நான் கண்டிருக்கிறேன். என் கணக்கில் அகிம்சை மன்றத்தின் முதல் களம் அந்தப் பேருந்துதான். சாதி கடந்து பத்துப் பேர் கூடி அந்த இருக்கைக்கு முன்னால் போய் நிற்க முடியாத மன்றம், அக்டோபர் 2 அன்று எடுக்கும் உறுதிமொழியால் யாருக்கும் பயனில்லை.

எனவே மன்றத்துக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். தசரா நாட்களில் குலசேகரப்பட்டினம் முத்தாரம்மன் கோயிலில் கூடும் கூட்டம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். வேடமிட்டவர்கள், குழுக்கள், குடிபோதை, பழைய பகை எல்லாம் ஒரே கடற்கரையில். அங்கே தொண்டர் பணிக்கு அனுமதி கேட்டு, கோயில் நிர்வாகத்துக்கும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் இந்த வாரமே கடிதம் எழுதுங்கள். ஆணும் பெண்ணுமாக, எல்லாத் தெருவிலிருந்தும் ஆள் எடுங்கள். முதலுதவி கற்றுத்தர அரசு மருத்துவக் கல்லூரியைக் கேளுங்கள். நாஷ்வில் நாற்காலியை இந்த அரங்கத்திலேயே போட்டு, வாரம் ஒரு மாலை பழகுங்கள். வர விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் மன்றச் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.