எருவுக்குக் காவல் களிமண்



நம்ம நோணாங்குப்பம் சுண்ணாம்பாற்றங்கரை ஊர். மணல் கலந்த மண்ணு. போட்ட எரு நிக்கிறதில்லைன்னு புலம்புகிறோம். தவறு நம்மிடமும் உண்டு. சாணமும் தழையும் மக்கும்போதே அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டினோம். மூக்கை அரிக்கும் நெடி வந்ததே, அது தழைச்சத்து காற்றோடு போன நெடிதான்! இனி சாம்பலைத் தனியே சேர்த்து, செடிக்கு அளவாகப் போடுவோம்.

குப்பை 10 கூடை என்றால், உதிர்த்த களிமண் 1 கூடை அடுக்கடுக்காகத் தூவுவோம். களிமண் மட்கைப் பிடித்து வைக்கும், சீக்கிரம் கரைய விடாது. கொஞ்சம் ஜிப்சம் தூவினால் தழைச்சத்து வீணாவதும் குறையும். மழைக்குக் கீற்று மூடுவோம்.

உர மூட்டைக்குக் குழுவில் கடன் வாங்குகிறோமே, அதில் ஒரு பங்கையாவது நம்ம குப்பைக்குழி மிச்சப்படுத்தும். செய்வோமா?