வெள்ளெழுத்தும் வலைக்கண்ணும்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சற்று முன் நிகழ்ச்சி நிரலைக் கையில் தந்தார்கள். தந்ததும் எங்களில் பாதிப்பேர் கைப்பையைத் துழாவத் தொடங்கினோம். நாற்பத்தைந்தைத் தாண்டிய எவருக்கும் அது பழகிப்போன வேலை. ஆனால் இதே வயதில் வாவிக்கரையில் வலை பொத்துகிறவரிடமும், கல்முனைப் பக்கம் மருதமுனையில் தறியில் இருக்கிறவரிடமும் அந்தக் கண்ணாடியைக் காண்பது அரிது. அது ஏன் என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்தோம்.

தமிழில் இந்தக் குறைக்கு வெள்ளெழுத்து என்று பெயர். அழகான சொல்தான். ஆனாலும் எழுத்து வாசிக்கிறவருக்கு மட்டும் வருகிற நோய் போல அது காதில் விழுகிறது. வாவிக்கரை ஊர்களில் வயதான பெண்களிடம் கண்ணாடி பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே மறுமொழிதான்: "எனக்கேன்கா கண்ணாடி? நான் என்ன பேப்பர் வாசிக்கவா போறன்?" பள்ளிக்கூடம் போனவருக்கே கண்ணாடி என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக ஊறிக் கிடக்கிறது. அப்படி ஊறியதில் படித்த எங்களுக்கும் பங்குண்டு.

கண்ணுக்குள் இருக்கும் வில்லை வயதோடு இறுகிப்போகிறது. கிட்டத்தில் உள்ளதைப் பார்க்க அது வளைந்து கொடுக்க வேண்டும். நாற்பதுக்குப் பிறகு அந்த வளைவு குறைந்துகொண்டே வருகிறது. படித்தவர், படிக்காதவர் எல்லோருக்கும் இது வரும். தூரத்துத் தோணி தெளிவாகத் தெரியும். மடியில் கிடக்கும் வலைக்கண் தெரியாது. அதனால்தான் பலர் தமக்குக் கண்ணில் குறை இருப்பதாகவே நினைப்பதில்லை. கை தளர்ந்துவிட்டது, வயதாகிவிட்டது என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

தறியை எடுத்துக்கொள்வோம். பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி, அறுந்த நுனியைத் தேடிப் பிடித்து, விழுதின் கண்ணில் கோத்து, அச்சின் பல்லிடுக்கால் இழுத்து முடிய வேண்டும். கண் நன்றாக உள்ளவருக்கு அது சிறு வேலை. கிட்டப்பார்வை மங்கியவர் தடவித் தடவியே செய்வார். பக்கத்துப் பல்லில் கோத்துவிட்டால் துணி நெடுகக் கோடு விழும். எத்தனை சேலை நெய்தாரோ அத்தனைக்குத்தான் கூலி என்றால், இழந்த நேரமெல்லாம் அவர் கைக்காசு. பிறகு மெல்லிய நூலை விட்டுத் தடித்த நூலுக்குப் போவார். அதன்பின் தறியை மகளிடம் கொடுத்துவிட்டு ஒதுங்குவார். கையில் முப்பது வருடத் தொழில் இருக்கும், கண் மட்டும் ஒத்துழைக்காது. தங்கூஸ் வலைக்காரரின் பாடு இன்னும் மோசம். அந்த நூல் தண்ணீரில் மீனுக்குத் தெரியக்கூடாது என்றே செய்யப்பட்டது. அந்தி நேரத்தில் அறுபது வயதுக்காரருக்கு எப்படித் தெரியும்?

அசாமில் தேயிலைக் கொழுந்து பறிப்பவர்களிடம் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். நாற்பதும் அதற்கு மேலும் வயதான 751 தொழிலாளரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு உடனேயும் மற்றவர்களுக்கு ஆய்வு முடிந்த பிறகும் கிட்டப்பார்வைக் கண்ணாடி கொடுத்தார்கள். முடிவு 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. கண்ணாடி பெற்றவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ 22 சதவீதம் கூடுதலாகக் கொழுந்து பறித்தார்கள். ஐம்பதைத் தாண்டியவர்களிடம் அந்தக் கூடுதல் 30 சதவீதத்தையும் கடந்தது. எங்கள் மலையகத்துத் தோழியருக்கு ஒரு கொழுந்துக் கிலோவின் பெறுமதி சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பங்களாதேஷ் கிராமங்களில் தையல்காரரும் கைவினைஞரும் உள்ளிட்ட 800க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த இன்னொரு ஆய்வு 2024இல் வெளியானது. எட்டு மாதத்தில், கண்ணாடி பெற்றவர்களின் வருமானம் பெறாதவர்களுடையதைவிட மூன்றிலொரு பங்கு உயர்ந்திருந்தது. சாதாரண ஆயத்தக் கண்ணாடி செய்த வேலை இது.

ஆனால் கடையில் அகப்பட்டதை வாங்கி மாட்டினால் போதாது. புத்தகத்தை நாற்பது சென்ரிமீற்றரில் பிடிக்கிறோம். தறிக்காரரின் கண்ணுக்கும் அச்சுக்கும் இடையே அறுபது சென்ரிமீற்றர் இருந்தால், வாசிப்புக்கு அளந்த கண்ணாடியில் இழை மறுபடி கலங்கும். அறுபது வயதில் வாசிக்க இரண்டரைப் பவர் வேண்டும் என்றால், அந்தத் தூரத்துக்கு ஒன்றரையே போதும். அந்தக் கண்ணாடியோடு எழுந்து நடந்தால் தரை மங்கும், படி தவறும். வேலை முடிந்ததும் கழற்றக் கழுத்தில் ஒரு கயிறு வேண்டும். வெளிச்சமும் வேண்டும். இருபது வயதுக் கண்ணுக்குள் போகிற ஒளியில் மூன்றிலொரு பங்குதான் அறுபது வயதுக் கண்ணுக்குள் போகிறது. தறிக்கூடத்தில் ஒரு யன்னலைப் பெரிதாக்குவதும் வைத்தியந்தான்.

கண்ணாடியால் தீராத குறைகளும் உண்டு. கண்புரைக்குச் சத்திரசிகிச்சை வேண்டும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ஓரோலாப் 1992இல் செயற்கை வில்லை செய்யத் தொடங்கிய பிறகு அதன் விலை வெகுவாக இறங்கியது. நீரிழிவு கண்ணின் பின்திரையைக் கெடுக்கும். குளுக்கோமா வலியில்லாமல் ஓரப்பார்வையைத் தின்னும். கிட்டத்தில் உள்ளது நன்றாகத் தெரிகிறதே என்று அவர் இருந்துவிடுவார். ஆகவே கண்ணாடி கொடுக்கிற இடத்திலேயே கண்ணை முழுமையாகப் பரிசோதிப்பதற்கும் வழி இருக்க வேண்டும்.

படுவான்கரையிலிருந்து நகரத்து வைத்தியசாலைக்கு வருவது முன்புபோலக் கடினமில்லை. மண்முனைத் துறையில் 2014இல் பாலம் திறக்கும்வரை பாதைக்குக் காத்து நிற்க வேண்டியிருந்தது. ஆனாலும் ஒரு நாள் கிளினிக் என்றால் ஒரு நாள் கூலி போகும். கூடவரும் மகளுக்கும் அதே நட்டம். இலவச வைத்தியம் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லும்போது இந்தக் கணக்கைச் சேர்ப்பதில்லை.

வெளிநாட்டிலிருக்கும் தோழியர் சிலர் பழைய கண்ணாடிகளைச் சேர்த்து அனுப்பட்டுமா என்று அன்போடு கேட்கிறார்கள். வேண்டாம். அவை ஒவ்வொன்றும் ஒருவருடைய கண்ணுக்கென்று வெட்டியவை. இரண்டு பக்கமும் வேறு வேறு பவர். அவற்றைத் தரம்பிரித்து, உடைந்ததை வீசி, பொருந்துகிறவரைத் தேடுகிற செலவில் புதிய ஆயத்தக் கண்ணாடிகளே வாங்கலாம். பெட்டியும் தபாற்செலவும் மிச்சம். அந்தப் பணத்தை ஒரு கண் பரிசோதகரின் நாட்கூலிக்கும் வாகனத்துக்கும் தாருங்கள்; அவர் ஊருக்கே போகட்டும், அதுவும் கடலுக்கோ வயலுக்கோ போகாத நாளாகப் பார்த்து.

ஊரில் இருப்பவர்களிடம் இன்னொன்று கேட்கிறோம். முகாம் நடக்கும்போது சுவரில் எழுத்து அட்டையைத் தொங்கவிட்டு வாசிக்கச் சொல்லாதீர்கள். எழுத்துத் தெரியாத அம்மா ஒருவர் அதைக் கண்டதும் வாசலோடு திரும்பிவிடுவார். வரும்போது அவரவர் வேலைப் பொருளையே கொண்டுவரச் சொல்லுங்கள்: வலைத்துண்டு, ஊசி, நூல், கல் பொறுக்க ஒரு சுளகு அரிசி. அவர் வேலை செய்கிற மாதிரியே இருக்கட்டும், அந்தத் தூரத்தை அளவுநாடாவால் அளந்து, அதன்பின் கண்ணாடியைக் கையில் கொடுங்கள்.